ஃபாக்ஸ்பி3: ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள்’ என்பவர்கள் அறிய வேண்டிய மரபணு

வைகைக்கரை:

மழைக்காலம் வந்தால் போதும், எங்கு திரும்பினாலும் ‘நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள்’ என்ற விளம்பரம். கஷாயப் பொடி, சத்துமாவு, மாத்திரை என எல்லா டப்பாவின் மேலும் இதே வாசகம். கல்லூரியில் உயிரியல் நடத்துகிறவன் என்ற முறையில் இது எனக்கு நெடுநாள் வருத்தம். கூட்டிக்கொண்டே போனால் நன்மை தரும் பொருளன்று எதிர்ப்பாற்றல். அதை அடக்கி வைப்பதற்கென்றே உடல் தனியாகச் சில செல்களை வளர்க்கிறது. அந்தச் செல்கள் உருவாக ஒரே ஒரு மரபணு சரியாக இருந்தாக வேண்டும். அது பழுதாகிவிட்டால், ஆண் குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே அதன் எதிர்ப்பு மண்டலம் அதன் குடலையும் கணையத்தையும் தோலையும் தாக்கத் தொடங்கிவிடுகிறது. வேலியே பயிரை மேய்கிறது.

அந்த மரபணுவின் பெயர் ஃபாக்ஸ்பி3. எக்ஸ் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது. அதிலிருந்து உருவாகும் புரதத்தில் 431 அமினோ அமிலங்கள். 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்குக் கிடைத்ததே இந்த மரபணுவையும் அது ஆளும் செல்களையும் கண்டறிந்ததற்காகத்தான். பேச்சுத் திறனோடு சேர்த்துப் பேசப்படும் ஃபாக்ஸ்பி2 இதன் உறவுக்கார மரபணு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கதை ஓர் எலியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்ற இடம்; அணுகுண்டுத் திட்டத்துக்காக எழுப்பப்பட்ட ஊர். போர் முடிந்தபின் கதிர்வீச்சு மரபணுக்களை என்ன செய்கிறது என்று பார்க்க அங்கே ஏராளமான எலிகளை வளர்த்தார்கள். 1949-இல் ஒரு வரிசையில் சில ஆண் குட்டிகள் தோல் செதில் செதிலாக உரிய, மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வீங்கி நோயுற்றன. மூன்று நான்கு வாரங்களில் இறந்தன. இது கதிர்வீச்சால் வந்ததன்று, இயல்பாகவே நேர்ந்த பிறழ்வு. அந்த எலி வரிசைக்கு ‘ஸ்கர்ஃபி’ என்று பெயரிட்டார்கள். பெண் எலிகள் வழியாக அந்தப் பிழையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். காரணம் தெரிய அரை நூற்றாண்டு ஆனது.

1990-களில் பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் வாஷிங்டன் மாநிலத்தின் பாதெல் நகரில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தார்கள். எலியின் எக்ஸ் குரோமோசோமில் சுமார் 17 கோடி டிஎன்ஏ எழுத்துகள். அதில் பிழை இருக்கும் பகுதியை ஐந்து லட்சம் எழுத்துகள் வரை சுருக்கினார்கள். அந்தப் பகுதியில் 20 மரபணுக்கள். ஒவ்வொன்றாக நலமான எலியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பத்தொன்பதிலும் பிழை இல்லை, இருபதாவதில் இருந்தது. கூடுதலாக இரண்டே எழுத்துகள் நுழைந்து, அதற்குப் பிறகு வரும் வாசிப்பு முழுவதையும் குலைத்திருந்தன. 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். இன்றைக்கு ஒரு வாரத்தில் முடிகிற வேலை; அன்று ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

தும்பை:

அருமை ஐயா. ஒரு சந்தேகம். ஆண் குட்டிகள் மட்டும் ஏன் இறந்தன?

வைகைக்கரை:

ஆணுக்கு ஒரே எக்ஸ். அதில் பிழை இருந்தால் ஈடுகொடுக்க வேறு பிரதி இல்லை. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்கிறது. மனிதர்களிலும் இப்படியே. அந்த நோய்க்கு ஐபெக்ஸ் என்று பெயர். இத்தகைய ஒரு குடும்பத்தை 1982-லேயே மருத்துவர்கள் விவரித்திருந்தார்கள். காரணம் இதே மரபணு என்பது உறுதியானது 2001-இல்தான்.

பழைய மாணவன்:

வணக்கம். நான் எண்பதுகளில் நுண்ணுயிரியல் படித்தவன். உங்கள் உற்சாகத்தைக் குறைக்க எழுதவில்லை, ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘அடக்கும் டி செல்’ (டி செல் என்பது எதிர்ப்பாற்றலுக்கான ஒரு வகை வெள்ளணு) என்ற பேச்சை நாங்கள் அன்றைக்கே கேட்டுவிட்டோம். எழுபதுகளில் ரிச்சர்ட் கெர்ஷன் முதலானோர் அதைப் பற்றி எழுதிக் குவித்தார்கள். இந்தச் செல் அந்தச் செல்லைத் தூண்டும், அது இன்னொன்றை அடக்கும் என்று கரும்பலகை நிறைய அம்புக்குறி போட்டு எங்களுக்குப் பாடம் நடந்தது. அந்தச் செல்களின் அடையாளம் ‘ஐ-ஜே’ என்ற மரபணுப் பகுதியில் இருக்கிறது என்றார்கள். பிறகு டிஎன்ஏ-வைப் படிக்கும் முறை வந்து, அந்த இடத்தைத் திறந்து பார்த்தால் அங்கே அப்படி ஒரு மரபணுவே இல்லை. துறையே தலைகுனிந்தது. மாணவர்கள் அந்தச் சொல்லை உச்சரிக்கவே அஞ்சினோம். இப்போது அதே செல்லுக்குப் புதுப் பெயர் சூட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நான் கேட்டால் தவறா?

செங்காந்தள்:

தவறே இல்லை ஐயா. இந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்தத் துறைக்குள் யாரும் வரக்கூடாது. நான் இந்தச் செல்களோடுதான் ஐந்து ஆண்டுகளாக ஆய்வகத்தில் இருக்கிறேன். சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

அம்புக்குறிப் படங்களோடு தொடர்பில்லாத வேறொரு வழி இருந்தது. 1969-இல் ஜப்பானின் நகோயாவில் நிஷிசுகா, சகாகுரா என்ற இருவர் பிறந்து மூன்றாம் நாள் எலிக் குட்டிகளின் தைமஸ் சுரப்பியை அறுத்தெடுத்தார்கள். டி செல்கள் பயிற்சி பெறும் இடம் தைமஸ். அதை எடுத்தால் எதிர்ப்பாற்றல் குன்ற வேண்டும். மாறாக, அந்த எலிகளின் சூலகங்கள் அவற்றின் சொந்த எதிர்ப்புச் செல்களால் அழிந்தன. மூன்றாம் நாள் என்பது முக்கியம். அதற்குள் வெளியேறிவிட்ட செல்கள் தாக்கும் செல்கள். பிந்தி வெளிவர வேண்டிய ஏதோ ஒன்று வராமல் போய்விட்டது.

சகாகுச்சி பிடித்துக்கொண்டது இந்த நூலிழையை. நலமான எலியின் டி செல்களைத் தைமஸ் எடுக்கப்பட்ட எலிகளுக்குச் செலுத்தினால் நோய் வரவில்லை. அப்படியானால் காக்கும் செல் உண்மையில் இருக்கிறது. அது எது? ‘அடக்கும் செல்’ என்ற பேச்சையே யாரும் கேட்க விரும்பாத அந்தக் காலத்தில் அவர் பத்தாண்டுக்கும் மேல் இதையே தேடினார். 1995-இல் விடை கிடைத்தது: சிடி4 என்ற வகை டி செல்களில், மேற்பரப்பில் சிடி25 என்ற புரதத்தைத் தாங்கிய ஒரு சிறு பிரிவு. அதை நீக்கினால் தன்னுடல் தாக்கு நோய். திருப்பிச் செலுத்தினால் காப்பு. 2003-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இரண்டு கதைகளையும் இணைத்தன. சகாகுச்சியின் செல்லும் ஓக் ரிட்ஜ் எலியின் மரபணுவும் ஒரே இடத்தில் வந்து நின்றன. சாதாரண டி செல்லுக்குள் ஃபாக்ஸ்பி3-ஐ நுழைத்தால் அது அடக்கும் செல்லாக மாறியது.

ஐ-ஜே கதைக்கும் இதற்கும் வேறுபாடு இதுதான் ஐயா. அங்கே மரபணு கிடைக்கவில்லை. இங்கே மரபணு கையில் இருக்கிறது, அது பழுதான எலி இருக்கிறது, பழுதான குழந்தையும் இருக்கிறது. மூன்றும் ஒன்றையே சொல்கின்றன.

இனி அந்தப் புரதம் செய்யும் வேலை. எனக்கு மிகப் பிடித்த பகுதி. டி செல் தூண்டப்படும்போது என்ஃபாட் என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழைகிறது. சாதாரண டி செல்லில் அது ஏபி-1 என்ற துணையோடு டிஎன்ஏ-வில் அமர்ந்து இன்டர்லூக்கின்-2 என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரக்கும்படி உத்தரவிடுகிறது. செல் பெருகுகிறது, தாக்குகிறது. ஒழுங்காக்கும் டி செல்லில் (நாம் பேசும் அடக்கும் செல்லுக்கு இன்றைய பெயர் இது) அதே என்ஃபாட்டுக்குத் துணையாக ஃபாக்ஸ்பி3 வந்து அமர்கிறது. துணை மாறியதும் உத்தரவு தலைகீழாகிறது: இன்டர்லூக்கின்-2 உற்பத்தி நிற்கிறது, அதைப் பற்றிக்கொள்ளும் சிடி25-உம், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு புரதமும் மிகுதியாக உருவாகின்றன. தூண்டுதல் ஒன்றுதான், விளைவு நேர் எதிர்.

இதனால் இந்தச் செல் தானாக இன்டர்லூக்கின்-2 தயாரிக்க முடியாது. பக்கத்துச் செல்கள் சுரப்பதை உறிஞ்சித்தான் வாழ வேண்டும். அந்த உறிஞ்சலே தாக்கும் செல்களைப் பட்டினி போடுகிறது. சிடிஎல்ஏ-4 இன்னும் வியப்பானது. தாக்குதலைத் தொடங்கிவைக்கும் செல்களின் மேலிருக்கும் தூண்டு புரதங்களை அது பற்றி இழுத்துப் பிய்த்தெடுத்துத் தன்னுள் விழுங்கிவிடுகிறது. இதனால்தான் ‘பிரேக்’ என்ற உவமை எனக்கு நிறைவு தருவதில்லை. பிரேக், மிதித்தால்தான் வேலை செய்யும். இந்தச் செல்கள் யாரும் மிதிக்காமலே ஒவ்வொரு நொடியும் வேலையில் இருக்கின்றன. வளர்ந்த எலியில்கூட இவற்றை நீக்கினால் சில வாரங்களில் அது இறந்துவிடுகிறது.

பழைய மாணவன்:

நன்றி அம்மா. மூன்றாம் நாள் அறுவையைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் ‘ஃபாக்ஸ்பி3 இருந்தால் அடக்கும் செல், இல்லாவிட்டால் இல்லை’ என்று அவ்வளவு எளிதாகக் கோடு போட முடியுமா?

செங்காந்தள்:

முடியாது, நீங்கள் கேட்டது சரியான இடம். எலியில் அந்தக் கோடு ஏறக்குறையச் சரி. மனிதனில் சாதாரண டி செல்லும் தூண்டப்பட்டதும் சிறிது நேரம் ஃபாக்ஸ்பி3-ஐக் காட்டிவிட்டு விட்டுவிடும். அதனால் மனித இரத்தத்தில் இவற்றைப் பிரிக்கும்போது சிடி127 என்ற மேற்பரப்புப் புரதம் குறைவாக இருக்கிறதா என்றும் பார்க்கிறோம். உறுதியான சான்று வேண்டுமென்றால் அந்த மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்றில் டிஎன்ஏ மேல் ஒட்டும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் நீங்கியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நீங்கியிருந்தால் அந்தச் செல் தன் அடையாளத்தை எளிதில் இழக்காது. ‘தலைமைச் சாவி’ என்று பாடநூல்கள் எழுதுவது பாதி உண்மைதான். சாவி பூட்டில் நிலையாக இருக்கிறதா என்பது மறு பாதி.

பனைநிழல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் அறிவியல் படித்தவன் அல்லன். என் அக்காவுக்காகத் தேடும்போது இந்த இழை கண்ணில் பட்டது.

அக்காவின் முதல் மகன் நான்கு மாதத்தில் இறந்துவிட்டான். ஓயாத வயிற்றுப்போக்கு. ஒரு மருத்துவமனையில் பாலை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்துப் பிறந்த பெண் குழந்தை நலம், ஐந்து வயதாகிறது. இப்போது மூன்றாவதாக ஒரு மகன். ஆறாவது வாரம் வயிற்றுப்போக்கு தொடங்கியது. உடலெல்லாம் சிவந்து தோல் உரிகிறது. சென்ற வாரம் சர்க்கரை நோயும் இருக்கிறது என்கிறார்கள். இரண்டு மாதக் குழந்தைக்குச் சர்க்கரை!

அக்காவைத் தாய்மாமனுக்கே கொடுத்தோம். ‘சொந்தத்தில் கொடுத்தீர்கள், அனுபவியுங்கள்’ என்று ஊரே பேசுகிறது. அம்மா சாப்பிடுவதையே குறைத்துவிட்டார். நீங்கள் எழுதியிருப்பது இதுதானா?

கொன்றைப்பூ:

தம்பி, நான் குழந்தைகள் நல மருத்துவர். குழந்தையைப் பார்க்காமல் இதுதான் என்று நான் சொல்லக்கூடாது. ஆனால் தாமதிக்கக்கூடாது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்தால் பெரும்பாலும் ஒற்றை மரபணுவின் பிழைதான் காரணம்; மரபணுச் சோதனை கட்டாயம் செய்ய வேண்டும். அதில் சில வகை மாத்திரையிலேயே கட்டுப்படும். ஆனால் ஆண் குழந்தை, விடாத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி, சர்க்கரை, முன்பே இறந்த ஓர் ஆண் குழந்தை என எல்லாம் சேர்ந்து வரும்போது ஐபெக்ஸ் என்ற எண்ணம் முதலில் எழ வேண்டும். பாலை மாற்றித் தீராது. குடலின் உட்சுவரைச் சொந்தச் செல்களே அழிக்கின்றன.

குழந்தைகளுக்கான எதிர்ப்பியல் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். ‘ஃபாக்ஸ்பி3 மரபணுவை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டுமா’ என்று அங்கே வெளிப்படையாகக் கேளுங்கள். இரத்தத்தில் ஒழுங்காக்கும் செல்களை எண்ணிப் பார்த்துவிட்டு ‘எண்ணிக்கை சரியாக இருக்கிறது’ என்றால் அதோடு நின்றுவிட வேண்டாம். சில பிழைகளில் புரதம் உருவாகும், ஆனால் டிஎன்ஏ-வைப் பற்றாது. எண்ணிக்கை இயல்பாகவே இருக்கும். முதல் குழந்தையின் மருத்துவக் காகிதங்கள் ஏதும் இருந்தால் எடுத்துப் போங்கள்.

வைகைக்கரை:

தம்பி, உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஐபெக்ஸ் என்றால் சொந்தத்தில் கொடுத்தது காரணமே அன்று. மகனுக்கு அப்பாவிடமிருந்து வருவது ஒய் குரோமோசோம்; எக்ஸ் அம்மாவிடமிருந்து. உங்கள் மாமா யாராக இருந்தாலும், கடல் கடந்து வந்தவராக இருந்தாலும், மகனுக்கு இதே அபாயம் இருந்திருக்கும்.

கொன்றைப்பூ:

ஐயா, உங்கள் நோக்கம் நல்லது. ஆனால் சோதனை முடியும் முன் அந்த உறுதியைக் கொடுத்துவிடக் கூடாது. சிடி25 மரபணுவிலோ எல்ஆர்பிஏ மரபணுவிலோ பிழை இருந்தாலும் ஐபெக்ஸ் போலவே தோன்றும். அவை எக்ஸ் வழியாக வருபவை அல்ல. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதுப் பிரதி வந்தால்தான் நோய். நெருங்கிய உறவில் மணம் செய்யும்போது அதற்கான வாய்ப்பு கூடும். எல்ஆர்பிஏ பெரும்பாலும் இன்னும் சற்று வளர்ந்த பிறகு தலைகாட்டுவது. இங்கே இறந்ததும் நோயுற்றதும் ஆண் குழந்தைகள், நடுவில் பெண் நலம் என்பதைப் பார்த்தால் எக்ஸ் வழி என்றே தோன்றுகிறது. ஆனாலும் தோன்றுவது வேறு, தெரிவது வேறு. எந்த மரபணு என்பதைப் பொறுத்து மருந்தும் மாறும். எல்ஆர்பிஏ என்றால் அபாட்டசெப்ட் என்ற மருந்து நன்கு கேட்கும்.

தம்பி, ஒன்று கேட்கிறேன். உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ சிறு வயதிலேயே இறந்த ஆண் குழந்தைகள் உண்டா?

வைகைக்கரை:

ஒப்புக்கொள்கிறேன் டாக்டர். அவசரப்பட்டு எழுதிவிட்டேன். பனைநிழல், சோதனை வரும்வரை பொறுங்கள்.

பனைநிழல்:

அம்மாவிடம் கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பையன் பிறந்தான், மூன்று மாதம்கூட இருக்கவில்லை. ‘மாந்தம்’ என்று சொல்லி மருந்து இழைத்துக் கொடுத்தார்களாம். எனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதே இன்றுதான் தெரியும்.

அப்படியானால் அம்மாவுக்கும் இந்த நோய் இருக்கிறதா? அம்மாவும் அக்காவும் ஒரு நாள்கூட நோயில் படுத்ததில்லையே?

செங்காந்தள்:

அண்ணா, உங்கள் செய்தியைப் படித்து நெடுநேரம் எதுவும் எழுத முடியவில்லை.

ஃபாக்ஸ்பி3 பிழைதான் என்றால், அதைச் சுமக்கும் பெண்கள் நலமாகவே இருப்பார்கள். அதற்கு உடல் செய்யும் ஏற்பாடு மிக அழகானது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று தற்செயலாக மூடப்பட்டுவிடும். ஆக, பாதிச் செல்களில் நல்ல பிரதி திறந்திருக்கும், மீதியில் பழுதான பிரதி. மற்ற டி செல்களில் இந்தப் பாதிக்குப் பாதி அப்படியே இருக்கும். ஒழுங்காக்கும் செல்களில் மட்டும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நல்ல பிரதியே திறந்திருக்கும். பழுதான பிரதியோடு அந்த வேலைக்கு வந்த செல்கள் போட்டியில் நிற்க முடியாமல் மறைந்துவிடுகின்றன. காலியான இடத்தை நல்லவை பெருகி நிரப்பிவிடுகின்றன. உங்கள் அம்மாவின் உடல் ஆயுள் முழுவதும் அவருக்கே தெரியாமல் இந்தத் தேர்வைச் செய்துவந்திருக்கலாம்.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்றத்திலும் இதுவே கைகொடுக்கிறது. கொடுப்பவரின் செல்கள் முழுமையாக ஒட்டாமல் ஒரு பகுதி மட்டுமே ஒட்டினாலும், ஒழுங்காக்கும் செல்களின் இடத்தை அந்த நல்ல செல்களே பிடித்துக்கொள்ளும். பகுதி ஒட்டுதலிலேயே நோய் அடங்கிய குழந்தைகள் இருக்கிறார்கள்.

தும்பை:

பனைநிழல், குழந்தைக்காக வேண்டிக்கொள்கிறேன். இந்த நேரத்தில் கேட்பது சரியா என்று தெரியவில்லை. என் அம்மாவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடப்பதால் கேட்கிறேன். இந்தச் செல்கள் புற்றுநோய்க்கும் துணை போகும் என்று படித்தேன். உண்மையா?

செங்காந்தள்:

உண்மைதான். பல கட்டிகளுக்குள் இந்தச் செல்கள் கூட்டமாகக் குடியேறி, கட்டியைத் தாக்க வரும் செல்களை அடக்கிவிடுகின்றன. சிடிஎல்ஏ-4-ஐத் தடுக்கும் இபிலிமுமாப் என்ற புற்றுநோய் மருந்து 2011-இல் அனுமதி பெற்றது. அதை எடுத்துக்கொள்ளும் சிலருக்குக் குடல் அழற்சியும் சுரப்பிக் கோளாறும் வருவதைப் பார்த்தால் ஐபெக்ஸின் நிழல் போலவே இருக்கும். அம்மாவுக்கு அப்படிப்பட்ட மருந்து கொடுத்தால் வயிற்றுப்போக்கைச் சாதாரணமாக எண்ணாமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கொன்றைப்பூ:

ஒரு சிறு சேர்க்கை. கருவுற்ற தாயின் உடல், பாதி அந்நியமான சிசுவைத் தள்ளாமல் வைத்திருக்கவும் இந்தச் செல்கள் துணை நிற்கின்றன. ஃபாக்ஸ்பி3 மரபணுவின் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகளில் மட்டுமே இருக்கிறது. மகப்பேறு வார்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

பனைநிழல்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

முடிவு வந்துவிட்டது. ஃபாக்ஸ்பி3 தான். டிஎன்ஏ-வைப் பற்றும் பகுதியில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அக்காவுக்கும் அம்மாவுக்கும் அதே மாற்றம். மாமா நலமாக இருப்பதே அவரிடம் அது இல்லை என்பதற்குச் சான்று என்று மருத்துவர் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். மாமா எழுந்து வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார். அம்மா அன்று இரவுதான் இறந்துபோன என் அண்ணனுக்கு வைத்த பெயரைச் சொன்னார்.

எதிர்ப்பாற்றலை அடக்கும் சிரோலிமஸ் என்ற மருந்தைத் தொடங்கிப் பத்து நாளாகிறது. வயிற்றுப்போக்கு குறைந்திருக்கிறது, எடை சிறிது ஏறியிருக்கிறது. இன்சுலின் தொடர்கிறது, அழிந்த கணையச் செல்கள் திரும்பாது என்றார்கள். அடுத்து எப்போதேனும் கருவுற்றால் முன்கூட்டியே சோதிக்கலாம் என்றும், பாலின வழி மரபு நோய்க்குப் பதிவு பெற்ற மையங்களில் சட்டமே இடம் தருகிறது என்றும் சொன்னார்கள். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. மஜ்ஜைக்கு எங்கள் எல்லோரின் இரத்தத்தையும் பொருத்தம் பார்க்க எடுத்திருக்கிறார்கள்.

செங்காந்தள், நீங்கள் எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ‘கொஞ்சம் ஒட்டினாலே போதுமா?’ என்று இரண்டு முறை கேட்டாள். நாளை மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றில் அதை முதலாவதாக எழுதி வைத்திருக்கிறாள்.